கெசையா கொடுத்த நெருப்பு

பொழுது சாய்ந்து, பனிமேல் வெளிச்சம் நீலமாகிற நேரம். கென்டக்கிக் காட்டில், ஓடையை ஒட்டிய ஒற்றையடிப் பாதை. மூடிபோட்ட இரும்புச் சட்டியோடு ஜாரெட் ஓடிக்கொண்டிருந்தான்... சட்டி காலி.

என்னோடு உப்புக் காய்ச்சுகிற ஈபனுக்கு இவன் அத்தை மகன். ஈபன் இதைச் சொன்ன ராத்திரி, உப்புத் தண்ணீர் கொதிக்கும் கொப்பரையைச் சுற்றியிருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். நீங்களும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

ஜாரெட்டின் மனைவி தெர்சாவுக்கு முந்தின நாள்தான் பிள்ளை பிறந்திருந்தது. ராத்திரி கண்விழித்த அசதியில் ஜாரெட் தணலைச் சாம்பலால் மூடாமல் தூங்கிவிட்டான். அடுப்பு அணைந்துபோனது. கூரை ஒழுகி, சிக்கிமுக்கிக் கல்லில் நெருப்பு தட்டுகிற பஞ்சும் நனைந்து கிடந்தது.

"தூங்குமூஞ்சி! ஒரு நெருப்பைக் காப்பாத்தத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு அப்பன்!" என்றாள் தெர்சா. பிறகு அழுதாள். "புள்ள உதடு நீலமாயிடுச்சு... கெசையாம்மாகிட்ட ஓடுய்யா."

ஓடைக்கு அப்பால் தனியாக இருந்த விதவை கெசையா. அந்தப் பக்கம் வேறு குடிசை கிடையாது. நெருப்பு கேட்டு வந்தவனை எங்கள் ஆட்கள் யாரும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

அவள் குடிசைக் கதவின் தாழைத் தூக்குகிற தோல்வார் வெளியே தொங்கியது. இழுத்தான். டக்... உள்ளே இருட்டு. ஈரமண் வாசனை. அடுப்பில் மட்டும் செக்கச்செவேலென்று தணல். அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"கெசையாம்மா, நெருப்பு வேணும். புள்ள விறைச்சுக் கிடக்கு."

"எடுத்துட்டுப் போ ராசா. எனக்கு இனிமே எதுக்கு?"

வெறுங்கையால் அள்ளிப் போட்டாள். கிணுங்... கிணுங்... பனிக்கட்டி விழுகிற சத்தம். சட்டி சுடவில்லை. அது அவனுக்குத் தெரிந்தது. பிள்ளையின் உதடுதான் கண்முன் நின்றது. ஓடினான்.

வீட்டில் தணலைக் கொட்டி ஊதினான். விறகு குப்பென்று பிடித்தது. அறையெல்லாம் வெளிச்சம். பிள்ளையின் அழுகை நின்றது. தெர்சாவின் முகம் தெளிந்தது.

"அப்பாடா... பொழைச்சோம்."

ஆனால் ஜாரெட்டின் காலணியில் ஒட்டிய பனி உருகவில்லை. வாளித் தண்ணீர் உறைந்து பாளம் கட்டியது. கையை நெருப்புக்குள் நீட்டிப் பார்த்தான்... ஓடைக்குள் விட்டதுபோல் இருந்தது.

"ஏன்யா இன்னும் நடுங்குற? எங்களுக்கு வேர்க்குது. பக்கத்துல வா."

போனான். பிள்ளை சப்புக்கொட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. குனிந்தான். அவன் மூச்சு வெள்ளையாகப் புகைந்து போர்வைமேல் படர்ந்தது...

தெர்சா பேசிக்கொண்டே இருந்தாள். அவள் வாயிலிருந்து மூச்சுப் புகை வரவில்லை. பிள்ளையின் மூக்கிலிருந்தும் வரவில்லை.