மதாம் கோத்தேயின் நாய்

— மூணாவது பாயிண்ட் கேளு. "மேற்படி நாய் எந்தக் காரணமும் இல்லாமல் பாய்ந்து, ஐந்து வயதுக் குழந்தையின் கையைக் கடித்தது." எப்படி இருக்கு?

— 'எந்தக் காரணமும் இல்லாமல்'ங்கறதை எடுத்துடுங்க.

— அதுதானே உயிரே! அதை எடுத்துட்டா லெட்டர்ல என்ன மிச்சம் இருக்கு? பிரெஞ்சுல இதைச் சரியாக் கொண்டுவர என் ஸ்டூடண்ட் ரெண்டு நாள் உக்காந்திருக்கான், அம்புஜம்.

— காரணம் இல்லன்னு நீங்க பாத்தீங்களா?

— நம்ம தெரு ரிஸ்ஸோ பாத்தான். போன சனிக்கிழமை காலைல அவன் பொண்ணு பார்க்குல விளையாடிட்டு இருந்திருக்கு. மதாம் கோத்தேயோட நாய் சங்கிலி இல்லாமத் திரிஞ்சிருக்கு. கடிச்சிருக்கு. நாலு தையல். லாஜிக்கா யோசி. காலைல ஒம்போது மணி வரைக்கும் நாயை அவுத்து விட்டுக்கலாம்னு ஒரு வழக்கம். யார் குடுத்த பர்மிஷன்? யாரும் குடுக்கல. அவங்களே வெச்சிக்கிட்டாங்க.

— அதுக்காகக் கிழ நாயைக் கொல்லணுமா?

— நான் எங்க கொல்றேன்? ஏழு மணிக்கு சர்ச் ஹால்ல கூட்டம். நகரசபைலேருந்து ஆள் வர்றான். தெருக்காரங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா ரெண்டு விஷயம் நடக்கும். ஒண்ணு, இனிமே எந்த நேரமும் பார்க்குல நாய்க்குச் சங்கிலி. ரெண்டு, கடிச்ச நாயைத் திருப்பிக் குடுக்க மாட்டாங்க. ஊசி போட்டுடுவாங்க.

— இப்ப அது எங்க இருக்கு?

— நகரசபைக் கூண்டுல.

— அஞ்சு நாளாவா? சாப்பிடுதாமா?

— எனக்கெப்படித் தெரியும்? திடீர்னு என்ன நாய்ப் பாசம்? மெட்ராஸ்ல தெருநாயைப் பாத்தா என் சட்டையைப் பிடிச்சிட்டு எதிர்ப்பக்கம் இழுத்துட்டு ஓடுவ.

— காலைல மதாம் கோத்தேயைப் பாத்தேங்க. வெறும் சங்கிலியைக் கையில வெச்சிட்டு பெஞ்சுல உக்காந்திருக்காங்க. புருஷனும் இல்ல, புள்ளகுட்டியும் இல்ல. அந்த நாய் பிஜுதான் எல்லாம்.

— பாவம்தான். அதுக்கு நான் என்ன செய்ய? கமிட்டில என்னைச் செக்ரட்டரின்னு போட்டுட்டாங்க. நாய் வேஷம் போட்டாச்சு, குரைச்சுத்தானே ஆகணும்? சிரிக்க மாட்டியா?

— சிரிக்கற மாதிரியா இருக்கு?

— சரி, விடு. இந்தத் தெருவுக்கு வந்தப்ப ஒருத்தனும் நமக்கு பொஞ்ஜூர் சொல்லல. இப்ப வாசல்ல வந்து "மிஸ்டர் சபா, நீங்கதான் எழுதணும், நீங்க ப்ரொஃபசர்"ங்கறான். எட்டு வருஷம் ஆச்சு இதுக்கு. நீயும் புடவை கட்டிட்டு வா. முன் வரிசைல உக்காரு.

— வரேன். ஆனா முன் வரிசைல உக்கார இல்ல. எழுந்து பேசறதுக்கு.

— நீயா? என்ன பேசப் போற?

— காரணம் இருந்துச்சுன்னு சொல்லப் போறேன். நாய் சாப்பிட்டுட்டு இருந்துச்சு. அந்தப் புள்ள தட்டுல கையை விட்டுச்சு. சாப்பிடற வாயில கையை வெச்சா எந்த நாயா இருந்தாலும் கடிக்கும்.

— தட்டா? பார்க்குல எங்கேருந்து தட்டு வந்துச்சு? ரிஸ்ஸோ அப்படி ஒண்ணும் சொல்லலயே.

— அவர் ஓடி வர்றதுக்குள்ள நான் தட்டை எடுத்துப் பையில போட்டுட்டேன்.

— என்ன சொல்ற நீ?

— மேப்பிள் மரத்தடில தட்டு வெச்சது நான்தாங்க.

— எதுக்கு?

— போன சனிக்கிழமை என்ன நாள்?

— லீவு நாள்.

— மகாளய அமாவாசை.

— சரி, இருக்கட்டும். எங்க அப்பா அம்மாவுக்கு நான் தண்ணி விட்டேன், நீ சமைச்ச, பால்கனில காக்காவுக்கு வெச்சோம். முடிஞ்சுது. அப்புறம் பார்க்குல யாருக்கு?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க.

— அம்புஜம்.

— அவனுக்கு ஒரு வாய் சோறு வைக்க எனக்கு ஒரு நாள் கெடையாது. சின்னப் புள்ளைக்குத் திதி இல்ல, திவசம் இல்ல, வருஷா வருஷம் செய்யற வழக்கம் இல்லன்னு உங்க அண்ணன் ஊர்லேருந்து எழுதினார். நீங்க அந்த லெட்டரை மடிச்சு டிராயர்ல வெச்சிட்டீங்க. ரெண்டரை வயசு வரைக்கும் ஊட்டின கைங்க இது. எனக்குப் பசிக்கறப்பெல்லாம் குகனுக்கும் பசிக்குமேன்னு தோணுது. நான் என்ன பண்ண?

— அந்தப் பேச்சை எடுக்க வேணாம்னு சொல்லியிருக்கேன்ல?

— ஆறு வருஷமா எடுக்கலயே! நீங்க மெட்ரோ புடிக்கப் போனதும், ஒவ்வொரு அமாவாசைக்கும் பால்சோறு பிசைஞ்சு, சர்க்கரை போட்டு எடுத்துட்டுப் போவேன். லீவு நாளா இருந்தா தெப்பனேர் கடையில பால் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போவேன். பால்கனில வெச்சா நீங்க கேப்பீங்கன்னுதான் பார்க்குக்குப் போனது.

— ஆறு வருஷமாவா?

— முதல் அமாவாசை இன்னும் கண்ணுலயே நிக்குது. மரத்துல நாலு காக்கா இருந்துச்சு. கா கான்னு கூப்பிடறேன், ஒண்ணு கூடத் திரும்பிப் பாக்கல. இந்த ஊர்க் காக்காவுக்கு நம்ம சோறு என்னன்னே தெரியல. காக்கா எடுக்கலன்னா என்ன அர்த்தம்? புள்ளைக்குக் கோவம்னு அர்த்தம். தனியா விட்டுட்டாளேன்னு கோவம். அங்கேயே உக்காந்து அழுதுட்டேங்க. அப்பதான் பிஜு வந்துச்சு.

— நாய் சோத்தைக் கண்டா வரத்தான் செய்யும்.

— வந்து உடனே வாய் வைக்கல. என் மூஞ்சியைப் பாத்துச்சு. சாப்பிடுப்பான்னேன். அப்புறம்தான் சாப்பிட்டுச்சு. தட்டை நக்கி நக்கிக் காலி பண்ணிடுச்சு. அன்னிக்கு ராத்திரிதான் நான் தூங்கினேன். நாய் திங்கறது முறையில்லன்னு எனக்கும் தெரியும். முறையைப் பாத்துட்டு இருந்தா என் புள்ள பட்டினி.

— அந்தம்மாவுக்கு இது தெரியுமா?

— என்ன தெரியும்? எனக்கு பொஞ்ஜூர், மெர்சி தவிர ஒண்ணும் வராது. அவங்களுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நான் அழறப்ப பக்கத்துல உக்காந்து அவங்க பாட்டுக்கு ஏதோ பேசுவாங்க. ஒரு தடவை கையுறையைக் கழட்டி என் கண்ணைத் தொடச்சு விட்டாங்க. ஊர்ல இருந்தா என் அக்கா செஞ்சிருப்பா. அந்தப் பொம்பளை வீட்டு உயிரை நான் எடுக்கவா?

— இதைப் போய் அந்த ஹால்ல சொல்லப் போறியா? கொஞ்சம் யோசி. "இந்தியாக்காரங்க பார்க்குல சோத்தைக் கொட்டறாங்க, அதுக்கு நாய் வருது, நாய் நம்ம புள்ளைங்களைக் கடிக்குது." நாளைக்குத் தெரு பூரா இதுதான் பேச்சு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? லெட்டர் எழுதினவன் நான், சோறு வெச்சது என் பொண்டாட்டி. நான் எந்த மூஞ்சியோட ரிஸ்ஸோவைப் பாப்பேன்?

— பிஜு செத்துட்டா நான் எந்த மூஞ்சியோட மதாம் கோத்தேயைப் பாப்பேன்?

— வேற வழி யோசிக்கலாம்.

— ஒரு வழி இருக்கு. நான் கூட்டத்துல பேசல. பார்க்குப் பக்கமும் இனிமே போகல. நீங்க லெட்டரைக் குடுக்காதீங்க. நாயை விட்டுடச் சொல்லுங்க. அப்புறம், என்னை அவன்கிட்டக் கூட்டிட்டுப் போங்க.

— எங்க?

— அவனை வெச்ச இடத்துக்கு. அங்கேயே ஒரு வாய் சோறு வெச்சிட்டு வந்துடறேன். யார் கண்ணுலயும் படாது, எந்த நாயும் வராது. மணி இன்னும் நாலு கூட ஆகல. இப்பவே போலாம், கோட்டை எடுத்துட்டு வரேன்.

— வேணாம்.

— ஏன் வேணாம்?

— அது ரொம்ப தூரம். பஸ் மாறணும். கேட்டை மூடிடுவாங்க.

— நாளைக்குப் போலாம்.

— பொம்பளைங்க அங்க போகக் கூடாது, அம்புஜம்.

— அன்னிக்கும் அதைத்தான் சொன்னீங்க. ஜனவரில போனவன். பனில மண்ணு கல்லாட்டம் இருக்கு, இப்பத் தோண்ட முடியாது, மே மாசம் வரைக்கும் இங்கேயே வெச்சிருப்போம்னு கல்லறைக்காரங்க சொல்லிட்டாங்க. நாலு மாசம். ஒவ்வொரு நாளும் ஜன்னல்ல பனியைப் பாத்துட்டு, இன்னும் உருகலையா, இன்னும் உருகலையான்னு கெடந்தேன். கடைசில நீங்க மட்டும் கறுப்புக் கோட்டு போட்டுட்டுப் போனீங்க. நான் வெந்நீர் போட்டு வெச்சேன். சாயங்காலம் வந்து நேரா குளிக்கப் போனீங்க. மரம் இருக்கான்னு கூட நான் கேக்கல. இப்பக் கேக்கறேன். பக்கத்துல ஏதாச்சும் மரம் இருக்கா?

— அம்புஜம், இங்க பாரு. லெட்டரைக் கிழிச்சிட்டேன். பாத்தியா? நானே ஹாலுக்குப் போறேன். சோறு வெச்சது நான்தான்னு சொல்றேன். என்ன வேணா பேசிக்கட்டும். செக்ரட்டரியும் வேணாம், ஒண்ணும் வேணாம். மதாம் கோத்தேகிட்ட மன்னிப்புக் கேட்டு, நாயை நானே கூட்டிட்டு வந்து விடறேன். ஆயுசுக்கும் நீ பார்க்குல சோறு வை, நான் கூடவே வந்து நிக்கறேன். அந்த இடத்தை மட்டும் கேக்காதே.

— இவ்வளவும் செய்யறவரு, அது மட்டும் ஏன் முடியாதுங்கறீங்க? எனக்கு பயமா இருக்குங்க. சொல்லுங்க.

— "நீங்களே புதைச்சிடுங்க"ன்னு கல்லறைக்காரங்ககிட்ட போன்ல சொல்லிட்டு, அன்னிக்கு நான் யூனிவர்சிட்டிக்குப் போய் ரெண்டு கிளாஸ் எடுத்தேன், அம்புஜம். அவனை எங்க வெச்சிருக்காங்கன்னு எனக்கும் தெரியாது.