மூடிய பள்ளம்

புதுவாயலில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிரே கம்பெனி அட்டை மாட்டிய இரண்டு பெண்கள்.

“பள்ளத்த மூடினது எங்க தப்புதாங்க்கா,” என்றாள் இளையவள்.

“இன்னாடி சொல்ற?”

“எங்கூட்டுக்காரரு எங்க தெரு பள்ளத்துல பைக்கோட வுழுந்து கால ஒடச்சிக்கினாருல்ல? அதுக்கப்புறம் தெருவே சேர்ந்து ஒடஞ்ச செங்கல்ல கொட்டி மூடினோம். மறுநாளே ரோடு எப்டி கீதுன்னு படம் புடிக்கிற கவர்மென்ட்டு வண்டி வந்துச்சி. நல்லா கீதுன்னு எழுதிக்கினு பூட்டாங்க. புது ரோடு லிஸ்ட்ல எங்க தெரு இல்ல.”

“திரும்ப வந்து பாக்கச் சொல்லு.”

“ஆபீஸ்ல போயி சொன்னேன். அடுத்த தபா வரும்போது பாக்கலாம்ன்றாங்க. மழையில செங்கல்லு பூரா அடிச்சிக்கினு பூடுச்சி.”

“அப்ப மறுபடி மூடுங்கடி!”

“நேத்து அவரு ஊன்றுகோலோட அதுலயே வுழுந்தாருக்கா. தூக்கும்போதே சொல்றாரு, ‘மூடிடாத, அந்த வண்டி வந்துடப் போவுது’ன்னு.”