சிவப்பு வட்டம்

ஸ்டேஷன் டீ நன்றாக இருந்தது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் பிழை திருத்தினேன். அந்தப் பழக்கம் தூக்கத்திலும் விடவில்லை. கனவில் எங்காவது ஒரு கோணல் இருக்கும், கண்டுபிடித்துவிடுவேன். எழுத்து ஏதாவது கண்ணில் பட்டால் இன்னும் சுலபம். ஒருமுறை படித்து, வேறெங்கோ பார்த்துவிட்டு மறுபடி படிக்க வேண்டும். கனவென்றால் எழுத்து மாறியிருக்கும். கனவென்று தெரிந்தபின் நம் இஷ்டம்தான்.

நானும் அக்காவும் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். ஆறு வருஷத்துக்கு முன்னால் யாரோ அச்சகத்துக்கு போன் செய்து, எனக்குக் கண் மங்கிவிட்டது என்று சொன்னார்கள். முதலாளி மரியாதையாகத்தான் அனுப்பிவைத்தார். அப்போது அக்காவுக்கு முழங்கால் வலி; வீட்டில் ஆள் தேவைப்பட்டது.

"நீதானேக்கா போன் பண்ணே?"

"எனக்கென்னடி தலையெழுத்து? உப்புன்னு சர்க்கரையப் போட்டவ நீ. உன் லட்சணம் அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

கனவில் மட்டும் ஒத்துக்கொள்வாள். மன்னிப்பும் கேட்பாள். அதுதான் எனக்கு அடையாளம். உடனே பால்கனியிலிருந்து தள்ளிவிடுவேன். சத்தமே வராது. விழித்ததும் மனசு லேசாக இருக்கும். அவளுக்குக் காபி போட்டுக் கொடுப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அக்கா செய்தித்தாளோடு வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நான்தான்டி போன் பண்ணேன். தனியா இருக்க பயமா இருந்துச்சு. மன்னிச்சுடு, கண்ணு."

நேரில் ஒருநாளும் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டவள் இல்லை. அதனால் கனவு என்றே நினைத்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

செய்தித்தாளைப் படித்துப் பார்த்தீர்களா என்று கேட்கிறீர்கள். பார்க்காமல் இருப்பேனா? வாங்கிப் படித்தேன். மூன்றாம் பக்க மூலையில், பொடி எழுத்தில், ஒரே வரியை இரண்டு தடவை அச்சடித்திருந்தார்கள். தெருவைப் பார்த்தேன். மறுபடி படித்தேன். அதே வரி, அதே இரண்டு தடவை. ஓர் எழுத்தும் அசையவில்லை.

வேலை போன பிறகும் சிவப்புப் பேனா என் கொண்டையிலேயே இருக்கும். எடுத்து அந்த வரியைச் சுழித்தேன். தாளை மடித்துக் கொடியில் போட்டேன். அப்புறம்தான் தள்ளினேன். இந்தத் தடவை சத்தம் வந்தது.

அதோ, உங்கள் மேசையில் இருக்கிறதே செய்தித்தாள், அதிலுள்ள வட்டம் என்னுடையதுதான். கண்ணாடிகூடப் போடவில்லை, ஐயா. என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.