நடுவழியில் விடாத வண்டி

புது கார் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் மைலேஜ் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது தப்பான கேள்வி, இன்ஸ்பெக்டர். சில வருஷம் ஓட்டிவிட்டு விற்கும்போது எத்தனை பேர் வாசலில் வந்து நிற்பார்கள் என்று கேட்க வேண்டும். ஒரு வண்டியின் பெயர் அதை விற்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

நான் வந்தது கிருபாகரன் விஷயமாக. கேளம்பாக்கத்தில் கார்களுக்கு விளக்கு, ஹாரன் மாட்டுகிற கடை வைத்திருக்கும் பையன். என் மகனுடைய புது வண்டியின் பானெட்டைத் திறந்து கூடுதல் முன்விளக்கு மாட்டியவன் அவன்தான் என்பதால், என் மனைவி வசுமதி செத்துப்போனதற்கு அவனைக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவனை அனுப்பிவிடலாம். ஏன் என்று முறையாகச் சொல்கிறேன். எனக்கு எதையும் முறையாகச் சொல்லித்தான் பழக்கம்.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பற்றவைப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் என் கையெழுத்து விழாது. அந்தப் பெயரால் ஒரு உபரி உத்தியோகமும் வந்து சேர்ந்தது. எங்கள் குடியிருப்பில் யார் கார் வாங்குவதானாலும், பெண்டாட்டியைக் கேட்கிறார்களோ இல்லையோ, தாமோதரனைக் கேட்பார்கள். நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: ஜப்பான் வண்டி வாங்குங்கள். பவிசு காட்டாது. சாவியைத் திருப்பினால் கிளம்பும், போன இடத்திலிருந்து திரும்பி வரும். இந்த ஸ்போர்ட்ஸ் எஸ்யூவி இருக்கிறதே, அது புது மாப்பிள்ளை மாதிரி. முதல் வருஷம் ஊரே திரும்பிப் பார்க்கும். அப்புறம் சர்வீஸ் சென்டர்க்காரன் மட்டும்தான் பார்ப்பான். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு ஜப்பான் வண்டியே வாங்குவார்கள்.

என்னுடையதும் அதுதான். ஷ்யாம் பள்ளிக்கூடம் போகிற நாளில் வாங்கிய சாம்பல் நிறக் கார். அதில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. கதவில் தண்ணீர் பாட்டில், பின்னால் குடை, முன்பக்கப் பெட்டியில் கண்ணாடி துடைக்கிற துணி, அதன் பக்கத்தில், நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வசுமதியின் மாத்திரை. அவளுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அந்த மாத்திரை அங்கேதான் இருந்தது. என் வண்டியைத் தவிர வேறு எதிலும் அவள் ஏறியதில்லை.

ஷ்யாம் ஓஎம்ஆரில் ஐடி கம்பெனியில் இருக்கிறான். கேளம்பாக்கத்தில் ஃபிளாட். ஊருக்கெல்லாம் கார் சொல்கிற அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சிவப்பு எஸ்யூவி ஒன்றை வாங்கி, மனைவி பிரதீபாவோடு சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து நிறுத்தினான். எனக்கு ஆச்சரியம் தர நினைத்தானாம்.

வசுமதி முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். "இங்க பாருங்களேன், குனியவே வேணாம். முட்டி வலிக்கவே இல்ல. நாற்காலியில உக்கார்ற மாதிரி இருக்கு" என்றாள். அத்தனை வருஷம் என் காரில் குனிந்து ஏறும்போது அவளுக்கு முட்டி வலித்திருக்கிறது. அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டு சதாசிவம் வந்தார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். "என்ன சார், உங்க வீட்டுக்கே எஸ்யூவி வந்துடுச்சு? அப்ப நாங்களும் புக் பண்ணிடலாம்ல?" என்றார் சதாசிவம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கப்பா" என்று ஷ்யாம் சாவியைக் கொடுத்தான். "ஜப்பான் வண்டிதான் நிக்காதுங்கறதெல்லாம் உங்க காலத்துப் பேருப்பா. இப்ப எல்லாமே நல்லாத்தான் வருது." மரியாதையாகத்தான் சொன்னான். என் பிள்ளை மரியாதை தெரிந்தவன்.

கடலோரம் இருக்கிற பழைய கோட்டை வரைக்கும் போய்த் திரும்பினேன். மேட்டில் ஏற்றினேன், மணலோரம் இறக்கினேன், சட்டென்று பிரேக் போட்டுப் பார்த்தேன். காது கொடுத்துக் கேட்டேன். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் அது நல்ல வண்டி. ஒரு குறையும் இல்லை. ஏதாவது ஒரு குறை அகப்பட்டிருந்தால் அதைச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்திருப்பேன். அகப்படவில்லை. அதுதான் சங்கடமாகப் போய்விட்டது.

மறுநாள் காலை திருப்போரூர் முருகன் கோயிலில் வண்டிக்குப் பூஜை. விடிந்ததும் வண்டியை நானே கழுவுகிறேன் என்றேன். வசுமதி காப்பி கொண்டுவந்தாள். நான் வாளியும் துணியுமாக அவன் வண்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க மனசு மாறிடும்னு எனக்குத் தெரியும்" என்று தோளைத் தொட்டுவிட்டுச் சந்தனம் எடுக்க உள்ளே போனாள். அவள் போனதும் பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குக் குளிர்ச்சித் தண்ணீர் போகும் குழாயின் கவ்வியைத் தளர்த்தினேன். பிரேக்கில் கை வைக்கிற ஆள் நான் இல்லை. அதில் உயிர் போய்விடும். இது வெறுமனே சொட்டுச் சொட்டாக ஒழுகும். வண்டி சூடேறி ஓரிடத்தில் நிற்கும். பின்னால் நான் வருவேன். "ஏறிக்கோங்க" என்று ஒரு வார்த்தை சொல்வேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

வசுமதியும் நானும் என் காரில் அவர்கள் பின்னாலேயே போனோம். கோயில் வாசலில் சிவப்பு வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஷ்யாம் முன்னால் நகர்த்தி நசுக்கினான். வண்டி நின்றிருந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. அந்த நேரத்தில் குருக்கள் தேங்காய் உடைத்தார். எல்லாம் தேங்காய்த் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள். வசுமதி அந்த ஈரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கிளம்பும்போது அவள் மகனுடைய வண்டியில் முன்னால் உட்கார்ந்தாள். பிரதீபா பின்னால். இருவரும் சேர்ந்து கிளம்பிய பயணத்தில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது அன்றைக்குத்தான். ஓஎம்ஆர் வழியாகத் திரும்புவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த வழியில் கடைகள் உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு. கடைசி நிமிஷத்தில் வசுமதி, "நெம்மேலி வழியா போலாம்டா ஷ்யாம். கடலைப் பாத்துக்கிட்டே மாமல்லபுரம் போய்ச் சாப்பிடலாம்" என்றாள். டயருக்குக் காற்றுப் பிடித்துவிட்டுப் பின்னாலேயே வருகிறேன் என்று சொன்னேன். அந்தச் சாலை உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் உப்பங்கழித் தண்ணீர். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அது எனக்கும் தெரியும்.

நெம்மேலிச் சாலை பிரிகிற இடத்தில் புளியமரத்தடியில் ஓர் அம்மா இளநீர் விற்கிறாள். பாப்பா என்று பெயர். அங்கே நிறுத்தினேன்.

"இன்னா சார், ஒண்டியா வந்துகீற? நல்ல வழுக்கையா ஒண்ணு வெட்டட்டா?"

வெட்டச் சொன்னேன். பாதி குடித்திருப்பேன், ஷ்யாமிடமிருந்து போன் வந்தது. நான் எடுக்கவில்லை. உடனே எடுத்தால் அவன் எஞ்சினைப் பற்றிப் பேசுவான். கொஞ்சம் வெயிலில் நின்றால்தான் என்னைப் பற்றி நினைப்பான். மறுபடி அடித்தது. மறுபடியும்.

"போனு அடிச்சிகினே கீது சார்."

"அடிக்கட்டும்."

"இன்னாவோ அவசரம் போலக்கீது. எடுத்துப் பேசேன்."

காரில் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்போது பிரதீபாவின் பெயர் வந்தது. பிரதீபா என்னைக் கூப்பிடுவதில்லை. எதுவானாலும் மாமியாரிடம்தான் சொல்வாள். தான் கெஞ்ச வெட்கப்பட்டு மனைவியை விட்டுக் கெஞ்ச வைக்கிறான் என்று நினைத்தேன். கண்ணாடியில் தூசி படிந்திருந்தது. துடைக்கலாமென்று முன்பக்கப் பெட்டியைத் திறந்து துணியை இழுத்தேன். கூடவே மாத்திரை அட்டை மடியில் விழுந்தது. எடுத்து உள்ளே வைத்து மூடினேன். அதற்கு இடம் அதுதான்.

நெம்மேலிப் பக்கமிருந்து ஒரு மீன் வண்டி ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் திருப்போரூரைப் பார்க்கப் பறந்தது. பாப்பா எழுந்து நின்றாள். "யாருக்கோ ஒடம்பு முடில போலக்கீது" என்றாள். மீன் வண்டிக்காரர்கள் ஓட்டுகிற லட்சணத்தைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். பிறகு இளநீர்க் கூட்டை உடைத்துத் தரச் சொல்லி, வழுக்கையைத் தின்றுவிட்டுக் கிளம்பினேன்.

"ஏறிக்கோங்க" என்று எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கோபமில்லாமல் சொல்ல வேண்டும், சிரிக்கவும் கூடாது. தண்ணீருக்கு நடுவில் சிவப்பு வண்டி தனியாக நின்றது. பானெட் தூக்கியிருந்தது, கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. சாமந்தி மாலை சூட்டில் வதங்கிப்போயிருந்தது. ஆள் இல்லை. தார் ரோட்டில் வசுமதியின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவளுடைய இன்னொரு செருப்பைத் தேடினேன்.

என்ன நடந்தது என்று ஷ்யாம் ஆஸ்பத்திரி வாசலில் சொன்னான். வண்டி நின்ற உடனே ஒரு ஷேர் ஆட்டோக்காரர் நிறுத்தி, ஏறிக்கொள்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். வசுமதி வேண்டாம் என்றிருக்கிறாள். "உங்கப்பா பின்னாலயே வர்றாரு. அவரு ஒரு நாளும் லேட்டா வந்ததில்ல. நம்ம வண்டியும் நிக்காது. அதுலயே போயிடலாம்." நெஞ்சு வலி வந்த பிறகும், "மாத்திரை அப்பா வண்டியில இருக்கு. இதோ வந்துடுவாரு" என்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பேச்சு நின்ற பிறகுதான் ஷ்யாம் அந்த மீன் வண்டியை மறித்திருக்கிறான். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே அவளை மடியில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போயிருக்கிறான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

காரியம் முடிந்த அன்று ஷ்யாம் என் காலில் விழுந்தான். "உங்க பேச்சைக் கேட்டிருக்கணும்பா. அந்த வண்டியை வாங்கி அம்மாவ நானே கொன்னுட்டேன்" என்று அழுதான். அவன் தலையில் கையை வைத்து, "விடுப்பா. பட்டாத்தான் தெரியும்" என்றேன். அதற்கப்புறம் அவன் வண்டி எதுவும் தொடுவதில்லை. சாப்பிடுவதில்லை என்று பிரதீபா சொல்கிறாள். சதாசிவம் புக்கிங்கை ரத்து செய்துவிட்டு, "அன்னைக்கே சொன்னீங்களே சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் தெருவில் இனி யாரும் எஸ்யூவி வாங்க மாட்டார்கள்.

எனக்கு அவள் இல்லாமல் இருக்கத் தெரியவில்லை, இன்ஸ்பெக்டர். காலையில் இரண்டு டம்ளரில் காப்பி ஊற்றிவிடுகிறேன். ஆறிப்போனதையும் நானே குடிக்கிறேன். காரில் போகும்போது காலி இருக்கையைப் பார்த்து ஏதாவது சொல்லிவிடுகிறேன். அவளை நான் ஒரு நாளும் அடித்ததில்லை, திட்டியதில்லை. அவள் முட்டி வலியைப் பற்றித்தான் இப்போது அதிகம் நினைக்கிறேன். ஒரு தலையணை வாங்கிப் போட்டிருந்தால் என் வண்டியிலும் இருக்கை உயர்ந்திருக்கும்.

நேற்று கிருபாகரனின் மனைவி சிநேகா வீட்டுக்கு வந்தாள். "அவரு லைட்டு மட்டுந்தான் சார் மாட்னாரு. அந்தப் பைப்பு பக்கமே கை வெக்கல. வூட்ல ரெண்டு நாளா அடுப்பே எரில சார். நீங்க பெரிய படிப்பு படிச்சவரு, ஸ்டேஷன்ல ஒரு வார்த்த சொல்லு சார்" என்று அழுதாள். பாவமாக இருந்தது. அதற்காகத்தான் வந்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் கையெழுத்துப் போடுகிற இடத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சிநேகா போன பிறகும் நான் பேசாமல்தான் இருந்தேன். சாயங்காலம் ஷ்யாம், வண்டியைச் சோதித்தவர்களின் அறிக்கையைப் படித்துக் காட்டினான். கவ்வி தளர்ந்ததற்குக் காரணம் "பயிற்சியில்லாத கையின் அசிரத்தையான வேலை" என்று இருந்தது. தூக்கம் வரவில்லை. அது அசிரத்தை இல்லை, இன்ஸ்பெக்டர். எவ்வளவு தளர்த்தினால் கோயில் வரைக்கும் தாங்கும், திரும்பும்போது நிற்கும் என்று பார்த்துச் செய்தது. நான்தான் செய்தேன். போன் அடித்தபோது எடுக்காததும் நான்தான். மாத்திரையை உள்ளே வைத்து மூடியதும் நான்தான். அந்த வரியை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். ஷ்யாமிடம், அவன் வாங்கியதில் ஒரு குறையும் இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செங்கல்பட்டு கோர்ட்டுக்குத்தானே கூட்டிப் போவீர்கள்? உங்கள் ஜீப் காலையில் இரண்டு தடவை தள்ளித்தான் கிளம்பியது, வாசலில் நின்று பார்த்தேன். என் வண்டியிலேயே போய்விடலாம், சாவி மேஜைமேல் இருக்கிறது. பயப்பட வேண்டாம். அது இன்றுவரை யாரையும் நடுவழியில் விட்டதில்லை.