ஏழாம் பாகம் முடியும் வரை

காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டால்தான் எனக்கு எழுத்து ஓடும். அவனுடைய அக்கா வந்த அன்றும் சாப்பிட்டுவிட்டுத்தான் மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்கே அவன் யாரென்று சரியாகத் தெரியாது. நாலு சிறு நூல் எழுதிய நுனிப்புல் ஆசாமி. ஆண்டவர் வனாந்தரத்தில் நாற்பது நாள் இருந்தபோது அவருக்குப் பசிக்கவே இல்லை, பசித்ததுபோல் காட்டிக்கொண்டார், தெய்வ உடம்புக்கு ஏது பசி என்று வாய் கூசாமல் எழுதினான். அதற்குத் தலையாட்டவும் ஒரு கூட்டம். நான் மறுத்து எழுத ஆரம்பித்தேன். முதலில் அவன் வரியை அப்படியே எடுத்துப் போடுவேன். அடியில் என் பதில். இப்படி ஆறு பாகம் முடிந்து ஏழாவது ஓடிக்கொண்டிருந்தது.

ஆயர் அவனைச் சபையின் பின்னறையில் பூட்டிவைத்திருந்தார். தப்பை ஒத்துக்கொண்டு எழுதித் தரும் வரை இரண்டு நாளைக்கு ஒரு ரொட்டி. எழுதித் தந்தால் அதைப் படித்துப் பார்த்து ஆயரிடம் சேர்க்க வேண்டியவன் நான். சபைக்கு ஆகாதவனின் வீட்டாரை ஆயர் நேரில் பார்ப்பதில்லை.

அக்கா கொண்டுவந்தது அந்தக் கடிதம்தான். "பசியென்றால் என்னவென்று இப்போது தெரிகிறது. இது தெரியாத ஒருவர் நமக்காக இரங்கியிருக்க முடியாது. ஆண்டவருக்குப் பசித்தது. நான் எழுதியது தவறு." அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு பாகத்தில் நான் அடுக்கிய ஆதாரம் ஒன்றுகூட அவன் மண்டையில் ஏறவில்லை. காலி வயிறு சொன்னதும் ஏறிவிட்டதாம். என் நூலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அதான் ஒத்துக்கிட்டானே. ஆயர்கிட்ட குடுத்துடுங்கய்யா. அவனால எழுந்து நிக்கக்கூட முடியல" என்றாள்.

பார்க்கிறேன் என்றேன். பாதி பதிலில் எதிராளி சரணடைந்துவிட்டால் மீதியை யாருக்கு எழுதுவது? ஆயர் இரண்டு முறை கேட்டார். "இன்னும் பிடிவாதமாத்தான் இருக்கான்" என்றேன். அக்காவிடம், ஆயர் யோசிக்கிறார் என்று சொல்லிவைத்தேன்.

பூட்டிவைத்த பத்தொன்பதாம் நாள் அவன் செத்தான். ஏழாம் பாகம் அதற்கு முந்தின வாரமே முடிந்துவிட்டது. பிழை திருத்த வேண்டியிருந்தது.

பட்டினி போட்டுக் கொன்றேன் என்கிறீர்கள். அவன் நூல்களையெல்லாம் சபை எரித்துவிட்டது; இன்று அவன் எழுத்தென்று மிஞ்சியிருப்பது என் மறுப்பில் நான் எடுத்துப் போட்ட வரிகள் மட்டும்தான். அவனுக்கு ஆயுள் கொடுத்தவனே நான்.

கடிதத்தை நான்தான் எரித்தேன். மறுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லாதபோது வைத்திருந்து என்ன பயன்?