காலி வீட்டு ஈ

— சொன்னா நம்புங்க மேடம், இந்த வீட்ல ஈ, கொசு, எறும்பு எதுவுமே கிடையாது. ராத்திரி பூரா உங்க பூச்சி ஆராய்ச்சி ஆபீஸ் விளக்குப் பொறியை மாட்டி வெச்சீங்களே, அதோட பையைப் பாருங்க. சுத்தமா காலி!

— காலியா இல்லையான்னு லென்ஸ் வெச்சுப் பாத்துட்டு சொல்றேன் சார். நான் தேடுறது கொசுவுல மூணுல ஒரு பங்குகூட இருக்காது.

— அவ்வளவு பொடிசா? அப்ப அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன!

— ஏங்க, அந்தப் பொண்ணை வேலை பாக்க விடுங்களேன். நீ உக்காரும்மா. நேத்து இந்தப் பையைக் கட்டித் தொங்கவிட்டதுலேருந்து இவரு அதையே சுத்திச் சுத்தி வராரு.

— என் வீடு, நான் சுத்தாம வேற யாரு சுத்துவா? மேடம், உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. நாங்க இருக்கறது மாடில. கீழ் வீடு காலி. டாக்டர் பயணம் கூடாதுன்னதால எங்க பொண்ணு வெளியூர்லயே தலைப்பிரசவத்துக்கு நாள் எண்ணிட்டு இருக்கா. இதை வாடகைக்கு விட்டாத்தான் நாங்க அங்க போய் ஒரு இடம் எடுத்துத் தங்க முடியும்.

— விட வேண்டியதுதானே சார்?

— வராங்களே, நிக்க மாட்டேங்கறாங்களே! கண்ணுக்குத் தெரியாம என்னவோ கடிக்குதாம். வந்தவங்க அத்தனை பேரும் மூட்டையைக் கட்டிட்டாங்க. எங்களை மாடில ஒண்ணும் கடிக்கலையே, எப்படி?

— கடிக்காது சார். இந்த ஈயால உசரமா பறக்க முடியாது. தத்தித் தத்தித்தான் போகும்.

— பாத்தீங்களா? ஆகாத ஈ! இன்னிக்குப் புதுசா ஒரு குடும்பம் வருது. அவங்க முன்னாடி 'இங்க ஒண்ணும் இல்ல'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பெரிய மனசு பண்ணுங்க.

— கீழ எத்தனை ரூம் சார்?

— ரெண்டு ரூம், சமையலறை, பின்னாடி குளியலறை. தண்ணிக்குப் பஞ்சமே இல்ல. ஏன்?

— சும்மாதான் கேட்டேன். ம், இதோ ஒண்ணு மாட்டியிருக்கு. வந்து பாருங்க.

— எங்க? தூசி மாதிரி இருக்கே... அட! றெக்கை ரெண்டையும் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்குது. உடம்பெல்லாம் முடி வேற!

— அதான் மணல் ஈ. கொசு உக்காந்தா றெக்கையை மடிச்சுக்கும். இது மடிக்காது.

— மணல் ஈயா? அப்ப கடற்கரைல போய்த் தேடுங்க மேடம். எங்க வீட்ல ஏது மணல்?

— நிறம்தான் சார் மணல். குடியிருக்கறது சுவர் வெடிப்புல. முட்டை போடறது குப்பை மக்கின ஈர மண்ணுல. இப்ப அதோட வயித்து மேல முடியைப் பாருங்க. நிக்குதா, படுத்திருக்கா?

— எண்ணெய் வெச்சுப் படிய வாரின மாதிரி கிடக்கு.

— அப்ப இது பல்லி, ஓணான் ரத்தம் குடிக்கிற கூட்டம். மனுஷங்களை அவ்வளவா சீண்டாது.

— அப்படிப் போடுங்க! ஏய், கேட்டியா? பல்லி ஈயாம்! பல்லியா வந்து என்கிட்ட புகார் சொல்லப் போகுது?

— அவசரப்படாதீங்க, இன்னொண்ணும் இருக்கு. இதுக்கு முடி எப்படி?

— இதுவும் படுத்துதான் கிடக்கு.

— சார், நீங்க கண்ணையே திறக்கலை.

— தள்ளுங்க, நான் பாக்குறேன். அய்யோ, இதுக்குக் குத்துக்குத்தா நட்டுக்கிட்டு நிக்குதேம்மா!

— சரியா சொன்னீங்கம்மா. இதுதான் மனுஷங்களைக் கடிக்கிற கூட்டம். அதுலயும் பெண் ஈ மட்டும்தான் கடிக்கும். முட்டைக்கு ரத்தம் வேணும்ல.

— கடிச்சா என்னம்மா ஆகும்?

— அடியே, அரிக்கும், சொறிஞ்சுக்கணும். வேற என்ன!

— பல நேரம் சார் சொல்ற மாதிரி தடிப்போட போயிடும்மா. உலகம் பூரா ஆயிரம் வகை மணல் ஈ இருக்கு, நோய் பரப்புறது நூறுக்குள்ளதான் வரும். ஆனா அந்த நூறுல ஒண்ணு நோயாளியைக் கடிச்சிட்டு வந்து நம்மளைக் கடிச்சா கிருமி ஏறிடும். சில ஊர்ல ஆறாத புண்ணா வரும். சில ஊர்ல வாரக்கணக்குல காய்ச்சல் அடிச்சு, மண்ணீரல் வீங்கி, ஆளே துரும்பாயிடுவாங்க. மருந்து இருக்கு. என்ன காய்ச்சல்னு தெரியறதுக்குள்ளதான் சின்னக் குழந்தைங்க துவண்டு போயிடும்.

— குழந்தைங்களா?

— இந்த ஈக்குள்ள கிருமி இருக்கா இல்லையான்னு ஆபீஸ்ல போய்ப் பாத்தாத்தான் தெரியும்மா. பயப்படாதீங்க.

— பயப்படாம எப்படிம்மா? இன்னிக்கு வர்றவங்க கைக்குழந்தையோட வராங்க!

— அதை எதுக்கு இப்ப இழுக்கிற?

— இழுக்காம? விடியக்காலைல எழுந்து வந்து பையை வாசல்ல உதறினது யாரு? தட்டித் தட்டி உதறினீங்களே!

— ஏன்டி என் குட்டை உடைக்கிற!

— உதறினீங்களா சார்?

— உதறினேன். இல்லைங்கலை. ஆனா என்ன பிரயோஜனம், ரெண்டு ஒட்டிக்கிட்டு இருந்து என் மானத்தை வாங்கிடுச்சே!

— அந்த போனை இப்படிக் கொடுங்க.

— யாருக்கு? வேண்டாம். சொன்னா கேளு. ஏய்!

— ஹலோ, நான் வீட்டுக்காரம்மா பேசறேன். கிளம்பிட்டீங்களா?... வராதீங்கம்மா... சேச்சே, வேற யாருக்கும் கொடுக்கலை. கீழ ஒரு மாதிரி ஈ இருக்கு, கைக்குழந்தைக்கு ஆகாது... ஆமா, எங்களுக்குக் கஷ்டம்தான், அதுக்காகத் தெரிஞ்சே உங்களைக் கூப்பிட முடியுமா?... சரிம்மா. நல்லா இருங்க.

— போச்சு. எல்லாம் போச்சு. பேரப்புள்ளையை இனிமே போன்ல பாத்துக் கொஞ்ச வேண்டியதுதான்.

— எனக்கு மட்டும் ஆசை இல்லையாங்க? என் பொண்ணு அங்க தனியா கிடந்து வலி எடுத்துத் துடிப்பாளேன்னு நினைச்சாலே அழுகையா வருது. ஆனா அந்தக் குழந்தைக்கு ஒண்ணுன்னா, நம்ம பேரப்புள்ளையை எந்தக் கையால தூக்குவேன், சொல்லுங்க?

— அழாதே, விடு. நானும்தான் புத்தி கெட்டுப்போய் அலைஞ்சேன். மேடம், உங்களுக்கு என்ன, ஈ பிடிக்க வந்தீங்க, கிடைச்சாச்சு. சந்தோஷமா கிளம்புங்க.

— நான் ஈ பிடிக்க மட்டும் வரலை சார். சுவர்ல எந்த மருந்து அடிச்சா இந்த ஈ சாகும்னு பாக்கறதுக்கு, முடி நிமிர்ந்த ஈ இருக்கற காலி வீடா ஒண்ணு எங்க ஆபீஸ் வாடகைக்குத் தேடுது. முன்னாடியே சொன்னா ஆளாளுக்கு எங்கேருந்தாவது பிடிச்சிட்டு வந்து விட்டுடுவாங்கன்னு வாயைத் திறக்கலை. போற வீட்டுலயெல்லாம் 'இங்க ஈயே இல்ல'ன்னு விரட்டறாங்க. இருக்குன்னு வாயால சொன்ன முதல் ஆள் உங்க வீட்டம்மாதான். சாவியை எப்ப தர்றீங்க?