மேபல் அக்காவின் அறை குளியலறையான விதம்

வெள்ளை டைல் பார்வைக்கு நல்லதுதான், சுவாமி. ஆனால் ஒரு தலைமயிர் விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் நான் இளம்பச்சையை எடுத்தேன். கோயில் விசாரணைக்கென்று, நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதித் தரச் சொன்னீர்கள். எல்லாம் டைலில் தொடங்கியதால் நானும் அங்கேயே தொடங்குகிறேன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருவுக்குக் கழிவுக் குழாய் வந்தது முப்பத்தெட்டாம் ஆண்டில். அதுவரை எங்களுக்குப் பின்வளவில் வாளிக் கக்கூஸ்தான். மழை நாளில் குடையோடு போவோம். குளிப்பு முற்றத்துப் பைப்படியில். என் கணவர் கிளெமென்ற் துறைமுகத்தில் கிளாக்கர். ஆசைகள் குறைந்த மனிதர். "கக்கூஸைக் கட்டுவம். குளிக்கிறதுக்கு வாளி போதும்தானே" என்றார். கொள்ளுப்பிட்டிக் குளியலறைச் சாமான் கடையின் படக் கற்றலொக்கைப் பார்க்காதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

நான் பார்த்துவிட்டேன். சிங்கக்கால் வைத்த தொட்டி பழைய மோஸ்தர் என்று அதில் போட்டிருந்தது. தொட்டியைச் சுவரோடு அணைத்து, சுற்றிவர டைல் பதித்து மூடுவதுதான் புதுப் பாணி. பித்தளைப் பைப்புகள் போய்க் குரோமியம் வந்துவிட்டது. பேசின் கொக்குப்போல ஒற்றைக்காலில் நிற்கவேண்டும். சுவரெல்லாம் இளம்பச்சை, தோள் உயரத்தில் ஒரு கறுப்புக் கரை, கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் விளக்கு. அந்தத் தாளைக் கிழித்தெடுத்து ஜெபப்புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். பூசை நேரத்தில் பார்ப்பதற்கு அல்ல. தாள் மடங்காமல் இருப்பதற்கு.

மேசன் வேலை செய்கிற றேமண்ட் பாஸ் அளவெடுக்க வந்தான். வீடு முழுக்க நடந்து பார்த்துவிட்டு மேபல் அக்காவின் அறையில் நின்றான்.

"தொட்டி வைக்கிறதெண்டா இந்த அறைதான், மிஸிஸ். குழாய் இந்தச் சுவருக்கு அங்காலதான் போகுது. மற்றப் பக்கம் வைச்சா கழிவுத் தண்ணி மேட்டில ஏறவேணும். தண்ணி ஏறாது."

"இது அக்காட அறை."

"அப்ப அக்காட்டக் கேளுங்கோ."

கேட்டேன். அக்காவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகாதவள், கொன்வென்றில் தையல் படிப்பித்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோர்த்தபடியே சொன்னாள்: "இது அப்பா எனக்கெண்டு தந்த அறை, ஐறீன். இதை விட்டா நான் எங்க போறது? வேற என்ன வேணுமெண்டாலும் கேள், தாறன்."

இதை நீங்கள் கவனிக்கவேண்டும், சுவாமி. நான் கேட்ட ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் தரத் தயாராக இருந்தாள். பிடிவாதக்காரர்கள் இப்படித்தான்.

அப்பா எழுதிய வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். வீடு எனக்கு. அந்த அறை மட்டும், மேபல் கல்யாணம் முடிக்கும்வரை, மேபலுக்கு. மூன்று தரம் வாசித்தேன். என் சொந்த அக்கா தனிமரமாக நிற்கிறாளே என்ற துக்கம் அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதல் வந்தது.

ஹியூபேட் கொலன்னாவை எண்ணெய் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன். துறைமுகத்தில் கிளெமென்றுக்குப் பழக்கமாகி, எங்கள் வீட்டுக்குச் சீட்டாட வருவான். நாற்பத்தைந்து வயது, நல்ல மீசை, தனிக்கட்டை என்று சொன்னான். அக்கா செய்த லவ் கேக்கில் ஒருநாள் நாலு துண்டு சாப்பிட்டான். ஐந்தாவது துண்டை நான் அக்காவின் கையாலேயே கொடுக்கவைத்தேன். மிச்சம் தன்பாட்டில் நடந்தது. அக்கா பாடத் தொடங்கினாள். நாற்பத்திரண்டு வருடத்தில் அவளுக்கு அவ்வளவு நல்ல குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கமுதல் நீங்கள் என்னைத் தனியே கூப்பிட்டீர்கள். "அவன் காட்டின ஞானஸ்நானப் பத்திரம் பழசு, ஐறீன். பிறகு கல்யாணம் முடிச்சிருந்தா அதில தெரியாது. கொலன்னாவையில விசாரிச்சுப் பார்த்தீங்களா?" என்று கேட்டீர்கள்.

"ஓம் சுவாமி, விசாரிச்சனான்" என்றேன்.

அது பொய்யல்ல. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை போய் விசாரித்தேன். என்ன தெரிந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிப் பெரியவர்களைச் சங்கடப்படுத்துவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தீர்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்றபோது நான் மூன்றாவது வரிசை வாங்கில் முழந்தாளில் இருந்தேன். கறுப்புக் கரை ஒன்று போதுமா, இரண்டு போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்று போதும் என்று மூன்றாம் ஞாயிறு முடிவெடுத்தேன்.

கல்யாணத்தன்று அக்கா வடிவாக இருந்தாள். அவர்கள் இரத்மலானையில் வாடகைக்கு எடுத்த வீட்டுக்குப் போய் இறங்குவதற்குள் றேமண்ட் பாஸ் இங்கே சுவரைக் கொத்தத் தொடங்கிவிட்டான். ஆறு கிழமையில் வேலை முடிந்தது. முதல்நாள் தொட்டி நிறையத் தண்ணீர் விட்டுப் படுத்தேன். கக்கூஸ் சங்கிலியை இழுத்தால் தண்ணீர் பாயும் சத்தம் தெருமுனைவரை கேட்டது. அயல் பெண்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள்.

அக்கா கடிதம் போடுவாள். குரோட்டன் நட்டிருப்பதாகவும், வாசலில் நின்றால் விமானம் இறங்குவது தெரியும் என்றும், அவருக்குத்தான் பாவம் இரவு வேலை அதிகம் என்றும் எழுதுவாள். எட்டு மாதம் அப்படிப் போயிற்று. பிறகு ஹியூபேட் ஒருவருக்கும் சொல்லாமல் சிங்கப்பூர்க் கப்பலில் ஏறிவிட்டான். அவனைத் தேடிக்கொண்டு கொலன்னாவையிலிருந்து ஒரு பெண் குழந்தையோடு உங்களிடம் வந்தாள். நீங்கள் கல்யாணப் படத்தைக் காட்டினீர்கள். அவள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு முதலில் படத்தில் இருந்த என் முகத்தில் விரலை வைத்தாளாம்.

"இந்த அம்மா எங்கட வீட்ட வந்து தேத்தண்ணி குடிச்சவ."

அவளுக்கு நல்ல ஞாபகசக்தி. ஓம், குடித்தேன். இஞ்சி போட்டிருந்தாள். ஹியூபேட் இருக்கிறாரா என்று கேட்டேன். வேலைக்குப் போய்விட்டார் என்றாள். சுவரில் அவனும் அவளும் கல்யாண உடுப்பில் நிற்கிற படம் தொங்கியது. இடுப்பில் இருந்த குழந்தைக்கு அவனுடைய மூக்கு. "அவருக்கு இப்ப கொட்டாஞ்சேனைப் பக்கம் ஓவர்டைம். களைச்சுப்போய்த்தான் வாறார்" என்று என்னிடமே சொன்னாள். நான் கோயில் விஷயமாக வந்தவள் என்று சொல்லிவிட்டு, குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு எழும்பினேன்.

பஸ்ஸில் வரும்போது நன்றாக யோசித்தேன், சுவாமி. நான் வாய் திறந்தால் ஒரே நாளில் இரண்டு பெண்கள் அழுவார்கள். திறக்காவிட்டால் ஒருவரும் அழமாட்டார்கள். றேமண்ட் பாஸும் வேறு வேலைக்கு ஒப்புக்கொள்ளாமல் காத்திருந்தான். அக்காவுக்கு எட்டு மாதச் சந்தோஷம் கிடைத்ததே, அது யாரால்?

கிளெமென்ற் இப்போது என்னோடு கதைப்பதில்லை. மழையென்றாலும் முற்றத்துப் பைப்படியில்தான் குளிக்கிறார். அயலார் என்ன நினைப்பார்கள் என்ற யோசனை அவருக்கு எப்போதும் குறைவு.

அக்கா ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். வயிற்றில் ஐந்து மாதம். தன் அறைவாசலில் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு டைலைத் தொட்டுப் பார்த்து, "நல்ல வடிவா இருக்கு, ஐறீன். என்னாலதான் உனக்குக் கரைச்சல்" என்றாள். அந்தச் செவ்வாய்க்கிழமை பற்றி அவளுக்கு இன்னும் தெரியாது. சொல்லத்தான் வேண்டும் என்றால் நீங்கள் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கல்யாணம் செல்லாது என்று எழுதுமுன் ஒருதரம் யோசியுங்கள். செல்லாது என்றால் அவள் கல்யாணம் முடிக்காதவள். உறுதிப்படி அறை மறுபடி அவளுடையது. டைலைப் பெயர்த்தால் அரைவாசி உடைந்துபோகும் என்கிறான் றேமண்ட் பாஸ்.

எல்லாம் தெரிந்துகொண்டுதான் செய்தேன். கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் அக்காவை நான் கைவிட்டேன் என்று மட்டும் ஒருவரும் சொல்லக்கூடாது. கூடத்தில் ஆட்கள் வந்துபோவார்கள். இந்த நிலையில் அவளுக்கு அங்கே படுக்கக் கூச்சம். அதனால் அவளுடைய பழைய அறையிலேயே, தொட்டிக்குள் பஞ்சு மெத்தை போட்டுக் கொடுத்திருக்கிறேன். கட்டையான ஆள்தானே, காலை நீட்டலாம். நான் குளிப்பதற்காக அவள் காலையில் ஐந்து மணிக்கு எழும்பினால் போதும். கூடப்பிறந்தவளை இதைவிட யார் நன்றாகப் பார்ப்பார்கள்?